நீலத் துண்டு வைத்த போர்வை

மே 6

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில், வெட்டுமேசை பக்கத்தில் நின்றபடியே படித்தேன். ஐந்து மாதம் முடிந்த பிறகுதான் அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டாவது பத்திக்குப் போவதற்குள் அழுதும் விட்டேன். யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து நம் பெண்கள் எல்லாரும் மிஷினை நிறுத்திவிட்டார்கள். "நல்ல சேதிதான், தைங்கடி" என்று அதட்டிய பிறகுதான் ஓடத் தொடங்கின. அன்றைக்கு வெட்டிய பள்ளிச் சட்டைகளில் நாற்பது சட்டைக்கு இடது கை மட்டும் நீளம். முதலாளி இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார்.

முப்பத்தாறு வயதில் முதல் பிள்ளை. கவனமாக இரு. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அந்த நெடி பிடித்த குப்பிகளை இனி வேறு யாராவது தூக்கட்டும். மாப்பிள்ளை நிலம் அளக்கிறேன் என்று மாதத்தில் பாதி நாள் வெளியூரிலேயே இருக்கிறார். கடைசி இரண்டு மாதமாவது வீட்டை அளக்கச் சொல்.

போனில் கூப்பிடாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்காதே. போனில் நாம் இரண்டாவது நிமிடமே சண்டைக்கு வந்துவிடுகிறோம். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை பதினான்கு ஒட்டுப்போர்வை தைத்துக் கொடுத்திருக்கிறேன். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நம் சித்தி மகளுக்கு, கண்டக்டர் தோழியின் இரட்டைப் பிள்ளைகளுக்கு, மாடிப்படியில் பார்த்துச் சிரித்த பழக்கத்துக்காகவே கீழ்வீட்டு கடிகாரக்காரர் மகளுக்கு. எனக்கென்று மூன்று முறை துணி வெட்டினேன். மூன்று முறையும் மடித்து வைத்தேன். அது பழைய கதை. நம் வீட்டுப் பிள்ளைக்கு இதுதான் முதல் போர்வை. மஞ்சளா பச்சையா, சொல்லு.

இப்படிக்கு,
சண்டைக்கு எப்போதும் தயாராக இருக்கும்
அக்கா


மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அழுததைப் படித்து எனக்கும் அழுகை வந்தது. குப்பிகளை இப்போது வேறு ஒரு பெண் தூக்குகிறாள். என்னைக் கணக்கெழுத உட்கார வைத்துவிட்டார்கள். கால் மட்டும் வீங்குகிறது. மற்றபடி சுகம். இவரும் பக்கத்து ஊர் வேலையாகப் பார்த்து வாங்கிக்கொண்டு சாயங்காலமே வந்துவிடுகிறார். சமைக்கிறேன் என்று சொல்லிவிட்டு எல்லாப் பாத்திரத்தையும் அழுக்காக்குகிறார்.

போர்வை வேண்டாம் அக்கா. தப்பாக நினைக்காதே. பஞ்சு வைத்துத் தைத்ததில் தூசி சேரும், பிறந்த குழந்தைக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னார். துவைக்கிற மாதிரி ஒன்றைக் கடையில் வாங்கிவிட்டோம். உன் கையும் இப்போதெல்லாம் மரத்துப்போகிறது என்று பொங்கலுக்கு எழுதியிருந்தாயே. ஓய்வு எடு. பிள்ளை பிறந்ததும் வந்து பத்து நாள் இரு, அது போதும்.

அன்புடன்,
வாலு


மே 27

அன்புள்ள வாலுவுக்கு,

டாக்டர் சொன்னாராம். பதினான்கு பிள்ளைகள் என் போர்வையில் புரண்டு வளர்ந்திருக்கிறார்கள், ஒன்றுகூடத் தும்மவில்லை. உனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே காரணத்தைத் தேவைக்கு மேல் நீட்டிச் சொல்வாய்.

உன் கடிதம் வரும் முன்பே வெட்டிவிட்டேன். மஞ்சள், வெள்ளை, இளம்பச்சை. ஏழு வரிசை, வரிசைக்கு ஆறு, ஆக நாற்பத்திரண்டு சதுரம். கட்டில்மேல் பரப்பி எண்ணினால் நாற்பத்து மூன்று இருந்தது. அதிகப்படியாக இருந்தது என் துணி இல்லை. வெளிறிய நீலம், அதில் மெல்லிய சாம்பல் கோடு. நூறு தடவை வெந்நீரில் போட்டு எடுத்த மாதிரி நைந்திருந்தது. பட்டறை மிச்சத்தோடு வந்திருக்கும் என்று மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, மற்ற நாற்பத்திரண்டையும் அன்றிரவே இணைத்துத் தைத்தேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், மூன்றாவது வரிசையில் நான்காவதாக அந்த நீலம் தைத்திருக்கிறது. அந்த இடத்தில் இருந்த வெள்ளைச் சதுரம் இழுப்பறையில் கிடக்கிறது. பிரித்து எடுத்துவிட்டு வெள்ளையை வைத்துத் தைத்தேன். மறுநாளும் அதே கதை. மூன்று தடவை பிரித்தாயிற்று, நான்காவது தடவை அப்படியே விட்டுவிட்டேன்.

என்னைக் கலங்கடித்தது எது தெரியுமா? அது என் தையல். மூலைக்கு வந்ததும் மூன்று முறை பின்னுக்கு ஓட்டித்தான் நான் நூலை அறுப்பேன். அந்தப் பட்டறையில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. கடிகாரக்காரர் மனைவியிடம் சொன்னேன். "உங்களுக்கு மறதி வந்துருச்சுக்கா, வீட்டுக்கு வீடு வர்றதுதான்" என்றாள். நாற்பத்தைந்து வயதில் எனக்கு என்ன மறதி?

போர்வையை முடித்து அனுப்பத்தான் போகிறேன். வேண்டாம் என்றால் பெட்டியில் வைத்துக்கொள்.

அக்கா


ஜூன் 2

அக்கா,

ஒரே ஒரு விஷயம் பார்த்துச் சொல். அந்த நீலத் துண்டின் ஓரத்தில் சிவப்பு நூலில் ஏதாவது எண் தைத்திருக்கிறதா?

பதிலை வீட்டுக்கு அனுப்பாதே, வேலை செய்யும் இடத்துக்கு அனுப்பு. இவர் கண்ணில் படக் கூடாது.

வாலு


ஜூன் 16

வாலு,

இருக்கிறது. தையலுக்காக மடித்த ஓரத்தைப் பிரித்துப் பார்த்தேன். சிவப்பு நூலில், கையால் போட்ட எண். இருபத்து மூன்று.

அங்கே உட்கார்ந்துகொண்டு உனக்கு எப்படித் தெரிந்தது?

இரு, இன்னும் இருக்கிறது. போன வாரம் சித்தி மகள் தன் பெண்ணின் போர்வையை எடுத்து வந்தாள். ஓரப் பட்டி கிழிந்திருக்கிறது, தைத்துக் கொடு என்றாள். ஆறு வருடம் முன்னால் நான் கொடுத்த போர்வை. ஆரஞ்சும் வெள்ளையும் மட்டும் வைத்துத் தைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. விரித்தால் மூன்றாவது வரிசையில், நான்காவதாக, அதே நீலம்.

"இது எப்படி வந்துச்சு?" என்று கேட்டேன்.

"என்னக்கா, எப்பவும் இருக்கிறதுதானே? இந்த நீலத்தைப் பிடிச்சுக்காம எம்பொண்ணு தூங்கவே மாட்டா" என்றாள்.

அவள் போனதும் நான் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு வீடாகப் போனேன். பிள்ளையைப் பார்க்க வந்தேன் என்று சொல்லி, போர்வையைப் பார்த்தேன். கண்டக்டர் தோழியின் இரட்டையர் போர்வை இரண்டிலும் இருக்கிறது. கடிகாரக்காரர் மகளுடையதிலும் இருக்கிறது. பரண்மேல் சுருட்டிப் போட்டிருந்த ஒரு வீட்டிலும் ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன், இருக்கிறது. எனக்கு வெட்டச் சொல்லிக்கொடுத்த மாஸ்டரின் இரண்டு பிள்ளைகளுக்கு முதன்முதலாகத் தைத்தேனே, அந்த இரண்டில் மட்டும் இல்லை. மூன்றாவது போர்வையில் தொடங்கி எல்லாவற்றிலும் இருக்கிறது.

மூன்றாவது போர்வை தைத்தது பதினேழு வருடம் முன்னால். நீ கம்ப்யூட்டர் வகுப்புக்கு என்று வெளியூர் போய்த் திரும்பிய வருடம். ஏழு மாதம். அம்மாவும் உன் கூடவே போய்த் தங்கினாள். அந்த வகுப்பின் சான்றிதழை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

இன்னொன்று. காலையில் எழுந்ததும் உன் பிள்ளையின் போர்வையைத் தொட்டுப் பார்க்கிறேன். நீலத் துண்டு இருக்கும் இடம் மட்டும் கதகதப்பாக இருக்கிறது. இஸ்திரிப் பெட்டி அந்த அறையிலேயே இல்லை. வெயிலும் அந்தப் பக்கம் வராது. யாரோ தூங்கி இப்போதுதான் எழுந்து போனது மாதிரி ஒரு சூடு. உள்ளங்கை அளவுதான்.

பயப்படவில்லை. ஆனால் கேட்கிறேன். என்னிடம் என்னத்தை மறைத்தாய்?

அக்கா


ஜூன் 25

அக்கா,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது அனுப்பிவிட வேண்டும்.

எனக்கு ஒரு பெண் பிறந்தது. பத்தொன்பது வயதில். அவன் யார் என்று எழுதப் போவதில்லை, அது இப்போது யாருக்கும் பயன்படாது. வயிறு தெரிவதற்குள் அம்மா என்னை அழைத்துப்போய் ஓர் அறை வாடகைக்கு எடுத்தாள். பிரசவம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில். என் படுக்கை எண் இருபத்து மூன்று. அங்கே துணி எல்லாவற்றிலும் படுக்கை எண்ணைச் சிவப்பு நூலில் தைத்திருப்பார்கள். பழைய விரிப்பைக் கிழித்துத்தான் குழந்தைகளைச் சுற்றிக் கொடுத்தார்கள். நீலம், சாம்பல் கோடு.

"அக்காகிட்ட குடுத்துடலாம்மா" என்று நான் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன் அக்கா. அப்போது உனக்கு மூன்றாவதும் கலைந்து, அத்தான் துணிமணியை எடுத்துக்கொண்டு போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"அவ கையில கொண்டுபோய்க் குடுத்தா ஊர் என்ன பேசும்? இது யாரு பெத்ததுன்னு மூஞ்சியிலயே எழுதியிருக்கு. அவளுக்கு இது தெரியவே கூடாது" என்றாள் அம்மா. வேறு யாருக்கோ கொடுக்கப் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு முடியவில்லை.

ஒன்பது நாள் இருந்தாள். ஒன்பதாம் நாள் விடியும்போது தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தாள். இதயத்தில் கோளாறு என்று டாக்டர் சொன்னார். அப்படியும் இருக்கலாம். அந்த வாரம் நல்ல குளிர். அவள் மேல் அந்த நைந்த துணி மட்டும்தான் இருந்தது. என் மேல் இரண்டு போர்வை இருந்தது அக்கா. இரண்டு.

நீ ஒவ்வொரு குழந்தைக்கும் போர்வை தைத்துக் கொடுக்கும்போதெல்லாம் நான் ஏதாவது சாக்குச் சொல்லி அந்த வீட்டுக்கு வராமல் இருந்தது இதனால்தான். அம்மா சாகும்போது என் கையைப் பிடித்து, யாரிடமும் சொல்லாதே என்று வாக்கு வாங்கிக்கொண்டாள். இன்றைக்கு அதை உடைத்துவிட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வயிற்றில் இருப்பது இப்போது நன்றாக உதைக்கிறது. அது உதைக்கும்போது முன்னவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றுகிறது. இதற்குச் சூடாக எல்லாம் இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றாதா? அந்தப் போர்வையை எரித்துவிடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்
வாலு


ஜூலை 10

அன்புள்ள வாலுவுக்கு,

பத்து நாள் எழுதாமல் இருந்தது கோபத்தால்தான். ஒளிப்பானேன்? பஸ்ஸில் நான்கு மணி நேரம். அவ்வளவு தூரத்தில் நான் காலியான வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை வந்திருந்தால் செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வந்திருப்பேன். ஊர் பேசுமாம். எனக்கு மூன்று முறை கலைந்தபோது ஊர் பேசாமலா இருந்தது?

உன்மேல் கோபம் இல்லை, அப்போது நீயே குழந்தை. அம்மா படத்தைத்தான் கழற்றித் திருப்பி வைத்திருக்கிறேன்.

எரிக்க மாட்டேன். குளிரில் போன பிள்ளையைத் தேடி நெருப்பு வைக்கச் சொல்கிறாயே, அதை எழுத உனக்குக் கை வந்ததா?

நான் செய்தது இதுதான். உன் பிள்ளையின் போர்வையில் இருந்து நீலத்தை எடுத்துவிட்டு, "இது தங்கச்சிக்கோ தம்பிக்கோ போறது, உனக்குத் தனியா தைக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது, ஒரு துணியிடம் பேசுகிறேன் என்று. ஆனால் மறுநாள் நீலம் எடுத்த இடத்திலேயே இருந்தது, திரும்பிப் போகவில்லை. பிறகு அதை நடுவில் வைத்து ஒரு போர்வை தைத்தேன். பட்டறைத் துணி இல்லை, கடைக்குப் போய் எடுத்த துணி. பஞ்சு இரண்டு அடுக்கு. நேற்று காலை முடித்தேன். மத்தியானம் கை வைத்தால் முழுவதும் சூடு.

உன் பிள்ளையின் போர்வை தனியாக வருகிறது. மஞ்சள், வெள்ளை, பச்சை, நாற்பத்திரண்டு. எண்ணிப் பார்த்துக்கொள். பயப்படாதே. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

மாப்பிள்ளையிடம் சொல்லிவிடு. எத்தனை நாள்தான் ஒற்றை ஆளாய்ச் சுமப்பாய்?

அக்கா


அக்டோபர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

தந்தி மாதிரி ஒரு வரி அனுப்ப இவரிடம் சொல்லியிருந்தேன், கிடைத்ததா? பெண். மூன்று கிலோ. மூக்கு அப்படியே உன் மூக்கு. நல்ல மூக்காகப் பார்த்து எடுத்துக்கொண்டிருக்கலாம், என்ன செய்ய. உன் போர்வையில்தான் தூங்குகிறாள். நாற்பத்திரண்டையும் தினம் எண்ணுகிறேன்.

இவரிடம் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "அந்தப் பாப்பாவை எங்க புதைச்சீங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. அம்மா துணியோடு தூக்கிக்கொண்டு போனாள், வெறுங்கையோடு திரும்பி வந்தாள், நான் கேட்கவே இல்லை. இவர் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு நன்றாகத் தூங்குகிறேன்.

இப்போது பயம் போய்விட்டது. அதற்குப் பதிலாக ஆசை வந்திருக்கிறது. இவளைத் தூக்கும்போதெல்லாம் அவளைப் போதுமான அளவு தூக்கவில்லை என்று கை சொல்கிறது. அவளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறேன். அதை எழுத மாட்டேன், நேரில் வந்தால் காதில் சொல்கிறேன். நீ வரும்போது அந்தப் போர்வையையும் எடுத்து வா. ஒரு தடவை கை வைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்று மாதமாக உன்னிடமிருந்து நான்கு வரிக்கு மேல் கடிதம் வரவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறதா? எப்போது வருகிறாய்?

வாலு


அக்டோபர் 15

அன்புள்ள வாலுவுக்கு,

மிகுந்த சந்தோஷம். மூக்குக்கு நான் பொறுப்பில்லை, அது அப்பா வழி.

இப்போதைக்கு வர முடியாது. கோபித்துக்கொள்ளாதே. வீட்டில் ஆளை வைத்துக்கொண்டு அரை மணி நேரத்துக்கு மேல் என்னால் வெளியே இருக்க முடிவதில்லை. பட்டறையில் சொல்லிவிட்டு வெட்டும் வேலையை வீட்டுக்கே வாங்கிக்கொண்டேன். பத்து நாள் என்றால் அவளை எங்கே விடுவது? பஸ்ஸில் மடித்துப் பையில் வைத்துக் கொண்டுவரச் சொல்கிறாயா?

அவள் வளர்கிறாள். முதலில் உள்ளங்கை அளவு சூடு என்று எழுதினேன் அல்லவா? ஆவணி வாக்கில் என் முழங்கை நீளம் வந்தது. இப்போது இடுப்பு உயரம் இருக்கும். கால் பக்கம் போதாமல் வெளியே நீட்டிக்கொள்கிறாள், தரை அந்த இடத்தில் வெதுவெதுப்பாக இருக்கிறது. வாரம் ஒரு வரிசை சேர்த்துத் தைக்கிறேன். பதினேழு வருடத்தையும் எட்டிப் பிடிக்கப் பார்க்கிறாள் போல.

பெயர் வேண்டாம். நான் ஒன்று வைத்துவிட்டேன். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாள்.

உன் கடிதத்தை அவளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். புதைத்தது, துணியோடு தூக்கிப் போனது என்று வந்த இடத்தில் போர்வை சில்லிட்டுப் போனது. பழையபடி சூடு திரும்ப மூன்று நாள் பிடித்தது. நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இனி உன் கடிதங்களைத் தனியாகத்தான் படிப்பேன்.

சின்னவளுக்கு முத்தம்.

அக்கா


நவம்பர் 20

அக்கா,

சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் உன் வீட்டுக்கு வந்தோம். நீ எழுதியதைப் படித்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பட்டப்பகல் பதினொரு மணி. மாடி ஏறும்போதே உன் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. கதவை ஒரு தடவை தட்டியதும் மிஷின் நின்றது. அப்புறம் அரை மணி நேரம் தட்டினேன். இவரும் தட்டினார். கடிகாரக்காரர் மனைவி மேலே வந்து, "உள்ளதான் இருக்காங்க, கொஞ்ச நாளா யாருக்கும் திறக்கிறதில்ல. பேச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்" என்றாள்.

எனக்கும் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம், மிகவும் பக்கத்தில், ரகசியக் குரலில் யாரிடமோ பேசினாய். சின்ன வயதில் காய்ச்சலில் கிடக்கும்போது என்னிடம் பேசுவாயே, அந்தக் குரல். என் இடுப்பில் இருந்த சின்னவள் அழுகையை நிறுத்திவிட்டுக் கதவையே பார்த்தாள். கதவின் மரம் கதகதப்பாக இருந்தது. நான் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றேன். இவர்தான் இழுத்து வந்தார்.

உன்னை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்கிறார் இவர்.

அக்கா, அவள் என் பிள்ளை. ஒன்பது நாள்தான் என்றாலும் என் பால் குடித்தவள். எனக்கு அவளைக் கொடு என்று கேட்கவில்லை. நீயே வைத்துக்கொள். அன்றைக்கே உன்னிடம் கொடுக்கத்தான் நினைத்தேன். அம்மா வந்திருக்கிறாள் என்று மட்டும் அவளிடம் சொல். ஒரு தடவை கதவைத் திற.

வாலு


நவம்பர் 29

அன்புள்ள வாலுவுக்கு,

வாசலில் வைத்துவிட்டுப் போன பழங்களை எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு நடந்ததை உனக்குச் சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்து என்ன ஆகிறது என்று நம் வீட்டில் பார்த்தாயிற்று.

நீ தட்டியதும் நீதான் என்று தெரிந்துவிட்டது. எழுந்து வந்து தாழ்ப்பாளில் கையும் வைத்துவிட்டேன். அவளும் போர்வையை இழுத்துக்கொண்டு என் பின்னால் வந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அதுவரை அவள் பேசியதில்லை. அன்றைக்குத்தான் முதல் வார்த்தை பேசினாள்.

"யாரு?" என்று கேட்டாள்.

உன் அம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வாலு. உண்மையாகவே திறந்தேன். நீ வெளியே அக்கா அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். குனிந்து பார்த்தேன். எனக்கு நாற்பத்தைந்து வயதாகிறது. என் முழங்காலை யாரும் அதுவரை அப்படிக் கட்டிக்கொண்டதில்லை.

"தெரியலடா கண்ணு. யாரோ வீடு மாறி வந்துட்டாங்க, போயிடுவாங்க" என்று சொல்லிவிட்டேன்.

நம்பிவிட்டாள். நீங்கள் படி இறங்கும்வரை இருவரும் அப்படியே நின்றோம்.

அம்மாவின் படத்தைத் திரும்ப நேராக மாட்டிவிட்டேன். ஊருக்குப் பயந்து அவள் செய்ததைவிடப் பெரிதாக நான் செய்துவிட்டேன், அவள் படத்தைத் திருப்பி வைக்க எனக்கு என்ன யோக்கியதை?

நீ நல்லவள். உனக்கு ஒருத்தி இருக்கிறாள், மாப்பிள்ளை இருக்கிறார். சின்னவளுக்குக் குளிர் தாங்கும்படி பார்த்துக்கொள். வளர்ந்து கால் வெளியே வந்தால் அந்தப் போர்வையில் வரிசை சேர்ப்பது சுலபம். பட்டியைப் பிரித்து ஓரத்திலிருந்து தொடங்கு.

இனிமேல் கடிதம் எழுதாதே. அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறேன்.

அக்கா